ரத்தினம்மாவின் ஐந்து ரிப்போர்ட்டுகள்

முஹ்ஸின் ஹாஜியாரின் இருதயக் குழாய்கள் கழுவி விட்டதுபோலச் சுத்தமாக இருந்தன. அஞ்சியோகிராம் அறையிலிருந்து அந்தச் செய்தி ஆய்வுகூடத்துக்கு வந்துசேர அரைமணி நேரம்கூட எடுக்கவில்லை. கேட்டதும் அனற் கையிலிருந்த இரத்தக் குப்பியைத் தட்டில் வைத்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்துவிட்டாள்.

சந்தோஷப்பட வேண்டிய செய்திதான். அக்குறணையில் ஹாட்வெயார் கடை நடத்துகிற அறுபத்திரண்டு வயது மனிதருக்கு நெஞ்சுக்குள் எந்த அடைப்பும் இல்லை. ஆனால் இருக்கும், அதுவும் மோசமாக இருக்கும் என்று சொன்னவள் அனற். அவள் பேச்சைக் கேட்டுத்தான் டொக்டர் தயாபரன் ஹாஜியாரைப் பட்டியலில் எத்தனையோ பேருக்கு முன்னால் கொண்டுவந்தார்.

அனற்றுக்கு நாற்பத்தாறு வயது. கண்டியில் ஓர் ஆஸ்பத்திரியின் ஆய்வுகூடத்தில் இருபத்திரண்டு வருடமாக இரத்தம் பார்க்கிறாள். அஞ்சியோகிராமுக்கு, அதாவது மணிக்கட்டில் துளையிட்டு இருதயக் குழாய்களுக்குள் சாயம் விட்டுப் படம் எடுப்பதற்கு, பெயர் பதிகிற எல்லோரும் முதலில் அவளிடம் வந்து கையை நீட்டியாக வேண்டும். வழமையான இரத்தப் பரிசோதனைதான். காய்ச்சல்காரனுக்கும் கர்ப்பிணிக்கும் செய்கிற அதே எஃப்.பி.சி. மெஷின் வெள்ளையணுக்களை வகை வகையாக எண்ணிக் கொடுக்கும். அதில் நியூட்ரோபில் என்பது ஆபத்து என்றால் முதலில் ஓடிவருகிற வகை. லிம்போசைட் நிதானமான வகை. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் சுகமாக இருப்பவர்களுக்கு இரண்டுக்குப் பக்கத்தில் வரும். இருதயக் குழாய்களின் சுவர் உள்ளுக்குள் புகைந்துகொண்டிருந்தால் அந்த எண் மெல்ல ஏறும் என்று வெளிநாட்டு ஆய்வுக் கட்டுரைகளில் அனற் வாசித்திருந்தாள்.

வாசித்ததோடு அவள் விடவில்லை. ஒரு தடித்த கொப்பியில் நூற்று நாற்பது பேரின் எண்ணை எழுதி, அவர்களுக்குப் படம் எடுத்து முடிந்த பிறகு எத்தனை குழாய் அடைத்திருந்தது என்பதைத் தேடி அதன் எதிரே எழுதினாள். ஐந்துக்கு மேல் போனவர்களில் பெரும்பாலானோருக்கு இரண்டு குழாய், மூன்று குழாய் என்று அடைத்திருந்தது. கொப்பியை டொக்டர் தயாபரனிடம் கொண்டுபோய்க் காட்டினாள். யாழ்ப்பாணத்துக்காரர், அவளைவிட ஏழு வயது இளையவர், இலேசில் எதையும் நம்பாதவர். பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு மிஸ். ஆரும் கண்ணில குத்திற மாதிரித் தெரிஞ்சால் சொல்லுங்கோ, பாப்பம்" என்றார்.

அப்படி அவள் எடுத்துச் சொன்ன முதல் நோயாளிதான் ஹாஜியார். அவருடைய எண் ஏழைத் தாண்டியிருந்தது.

மத்தியானம் டொக்டர் தயாபரன் ஆய்வுகூடத்துக்கே வந்துவிட்டார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை என்றிருந்தது அனற்றுக்கு.

"மிஸ், இண்டைக்கு ஒரு இடம் வீணாப் போச்சு. அந்த இடத்துக்கு வரவேண்டிய மனுசன் இன்னும் ஒரு கிழமை நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு வீட்டில இருக்கப்போறார்."

"என் பிழைதான் டொக்டர்" என்றாள் அனற். "ஆனா அந்த எண் ஏன் ஏறினிச்சுன்னு கண்டுபிடிக்காம விடமாட்டேன். மெஷின்ல பிழை இல்ல, ரெண்டு தரம் ஓட்டிப் பார்த்தேன்."

"கண்டுபிடியுங்கோ. அதுவரைக்கும் ஒருத்தரையும் முன்னுக்குப் போடச் சொல்லி என்னட்ட வராதேயுங்கோ."

வேலை முடிந்ததும் அனற் நேரே வார்டுக்குப் போனாள். மன்னிப்புக் கேட்கத்தான் போனாள். ஹாஜியார் மணிக்கட்டில் கட்டோடு கட்டிலில் உட்கார்ந்து, வீட்டிலிருந்து வந்த இடியப்பத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் சிரித்தார்.

"வாங்க மிஸ். ஹார்ட் புதுசு மாதிரி ஈக்கிதாம். டொக்டரே சென்னாரு. நீங்க இல்லாட்டி நான் இதத் தெரிஞ்சுக்க இன்னும் ஏழெட்டு மாசம் யோசிச்சு யோசிச்சே செத்திருப்பன்."

அனற்றும் சிரித்தாள். ஆனால் அவள் கண் அவருடைய வாயிலேயே இருந்தது. ஒவ்வொரு வாயையும் அவர் வலப்பக்கம் ஒதுக்கி ஒதுக்கியே மென்றார்.

"ஏன் ஹாஜியார் ஒரு பக்கமாவே சாப்பிடுறீங்க?"

"அதுவா? இந்தப் பக்கம் கடவாய்ப் பல்லு ஒரு மாசமா நோவுது மிஸ். சீழ் கட்டி ஈக்கி போல. ஹார்ட்டுக்கு வந்த எடத்துல பல்லச் செல்றதான்னு உட்டுட்டன்."

அனற் அவரை வாயைத் திறக்கச் சொன்னாள். கைத்தொலைபேசி வெளிச்சத்தில் பல் ஈறு சிவந்து வீங்கியிருந்தது நன்றாகவே தெரிந்தது. சீழை எதிர்த்து ஓடிவந்த அணுக்களைத்தான் மெஷின் எண்ணியிருக்கிறது. மெஷின் பொய் சொல்லவில்லை. அது சொன்னதை இருதயத்தோடு முடிச்சுப் போட்டவள் அவள்தான்.

மறுநாளே ஹாஜியார் பல் வைத்தியரிடம் போனார். மூன்று கிழமைக்குப் பிறகு அனற் கூப்பிட்டதற்காக மறுபடி வந்து இரத்தம் கொடுத்தார். எண் இரண்டரைக்கு இறங்கியிருந்தது. அதை டொக்டர் தயாபரனிடம் சொன்னபோது அவர் தலையை மட்டும் ஆட்டினார். அனற் கொப்பியை எடுத்து, அதற்குள் இருந்த நூற்று நாற்பது பேரையும் முதலிலிருந்து பார்த்தாள். பத்தொன்பது பேருக்குச் சளி, சிறுநீரில் கிருமி, ஆறாத புண் என்று ஏதாவது ஒன்று குறிப்பில் இருந்தது. இளைப்புக்கு ஸ்டீராய்ட் குளிசை குடிப்பவர்கள் நான்கு பேர். எல்லாரையும் சிவப்புப் பேனாவால் வெட்டினாள். வெட்டிய பிறகும் மிச்சம் இருந்தவர்களின் கணக்கு குலையவில்லை. முன்பைவிடத் துப்புரவாகத் தெரிந்தது. அன்றைக்குத்தான் அவளுக்குத் தன் வேலையில் முழு நம்பிக்கை வந்தது.

பங்குனி மாதக் கடைசியில் ரத்தினம்மா வந்தாள்.

மடுல்கெல்லைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவள். ஐம்பத்து மூன்று வயது. மகள் சுகிர்தா கண்டி டவுனில் ஒரு புடைவைக் கடையில் காசாளராக இருந்தாள். அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கூட வந்திருந்தாள். ரத்தினம்மாவுக்குக் களைப்பு, முதுகு நோவு. ஈ.சி.ஜி.யில் பெரிதாக ஒன்றுமில்லை. ஸ்கேனிலும் இல்லை. நடை மெஷினில் ஓடவிட்டுப் பார்க்கலாம் என்றால் முழங்கால் விடாது. அதனால் அவசரமில்லாதவர்கள் வரிசையில் மார்கழிக்குத் திகதி போட்டிருந்தார்கள்.

மெஷின் தந்த தாளை அனற் பார்த்தாள். நியூட்ரோபில் எழுபத்தேழு, லிம்போசைட் பதின்மூன்று. கிட்டத்தட்ட ஆறு.

முன்பு என்றால் நேரே டொக்டரிடம் போயிருப்பாள். இந்த முறை வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்த தாயையும் மகளையும் உள்ளே கூப்பிட்டாள்.

"அக்கா, காய்ச்சல் ஏதும் வந்துச்சா இப்ப?"

"இல்லைங்க மிஸ்."

"இருமல், சளி? ஒண்ணுக்குப் போறப்ப எரிவு? கால்ல புண்ணு?"

"அட்டக்கடிதாங்க, அது எப்பவும் உள்ளது. ஆறிப்போச்சு." ரத்தினம்மா சேலையைக் கணுக்கால்வரை தூக்கிக் காட்டினாள். உண்மைதான், ஆறிய தழும்பு.

"பல்லு?"

"பல்லு இப்ப நல்லாருக்குங்க. ஒண்ணப் புடுங்கிட்டாங்க, போன வருசம்."

குளிசைகளைக் காட்டச் சொன்னாள். பிரஷர் குளிசை மட்டும்தான். சுகிர்தா ஒரு ஷொப்பிங் பேக்கைத் திறந்தாள். அதற்குள் கிளினிக் கொப்பி, துண்டுகள், மடித்து மடித்துக் கிழியப்போகிற ரிப்போர்ட்டுகள். தாய்க்கு எடுத்த ஒரு தாளைக்கூட அந்தப் பிள்ளை எறிந்திருக்கவில்லை.

"பழைய எஃப்.பி.சி. இருக்கா தங்கச்சி?"

"அஞ்சு இருக்கு மிஸ். டெங்குன்னு பயந்து ரெண்டு வாட்டி எடுத்தது. கண்ணு ஒப்பரேஷனுக்கு ஒண்ணு. மத்த ரெண்டும் பிரஷர் கிளினிக்ல எழுதிக் கொடுத்தது, கம்பளையில சித்தி வீட்டுல இருந்தப்ப எடுத்தோம்."

அனற் ஐந்தையும் மேசையில் திகதிப்படி பரப்பினாள். காய்ச்சலில் எடுத்த இரண்டையும் முதலிலேயே ஒதுக்கிவைத்தாள். காய்ச்சல் நேரத்து எண்ணை நம்ப முடியாது. சிவப்பணுக்களைப் பற்றிய வரிகளையும் பார்க்காமல் விட்டாள். தோட்டத்துப் பெண்களில் இரத்தச்சோகை இல்லாதவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அதை வைத்து ஒன்றும் சொல்ல வராது. மிச்சம் மூன்று தாள். கண் ஒப்பரேஷனுக்கு எடுத்ததில் இரண்டு. அடுத்ததில் மூன்றரைக்குக் கிட்ட. அதற்கடுத்ததில் நாலரை. இன்றைக்கு ஆறு.

ஒன்றரை வருடமாகப் படிப்படியாக ஏறியிருக்கிறது. மூன்று இடத்தில் மூன்று பேர் பார்த்த தாள்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியே பார்த்தால் யாருக்கும் எதுவும் தோன்றாது. அவற்றை ஒரே மேசையில் வைத்துப் பார்க்க யாருக்கும் அவசியம் வந்ததில்லை.

"ஏன் மிஸ், ஏதும் மோசமா?" என்றாள் சுகிர்தா.

"இன்னும் தெரியாது. தெரிஞ்சதும் மறைக்காமச் சொல்றேன். பத்து நாள் கழிச்சு அம்மாவக் கூட்டிட்டு வாங்க, இன்னொரு தரம் பார்க்கணும்."

பத்து நாளில் வந்தார்கள். மறுபடியும் ஆறு. கிருமி ஏதாவது இருந்தால் தூக்கிக் காட்டுகிற சி.ஆர்.பி.யையும் பார்த்தாள். அது ஏறாமல் தன்பாட்டில் கிடந்தது. அனற் தாள்களை எல்லாம் ஒரு ஃபைலில் போட்டுக்கொண்டு, கிளினிக் முடிகிற நேரம் பார்த்து டொக்டர் தயாபரனின் அறைக்குப் போனாள். ரத்தினம்மாவையும் சுகிர்தாவையும் வெளியே வாங்கில் இருத்தினாள்.

அவர் ஃபைலைத் திறக்காமலே கேட்டார். "திரும்பவும் அந்த எண்ணோ மிஸ்?"

"ஆமா டொக்டர். ஆனா இந்தத் தரம் தனியா வரல." அவள் தாள்களை ஒவ்வொன்றாக வைத்தாள். "இதுல ரெண்டை நானே தள்ளிட்டேன், காய்ச்சல்ல எடுத்தது. இது மூணும் சுகமா இருந்தப்ப எடுத்தது. இது போன கிழமை, இது இன்னைக்கு. கிருமி இல்ல, புண்ணு இல்ல, ஸ்டீராய்ட் இல்ல. எல்லாம் கேட்டுப் பார்த்துட்டேன்."

"ஹாஜியாருக்கும் ஏழு எண்டு சொன்னனீங்கள்."

"ஹாஜியார்கிட்ட நான் எதுவும் கேட்கல டொக்டர். அதுதான் என் பிழை. இவங்ககிட்ட கேட்டிருக்கேன். உங்ககிட்ட படம் எடுங்கன்னு சொல்ல வரல. வெளியில இருக்காங்க, இன்னொரு தரம் நீங்களே பேசிப் பாருங்க. அஞ்சு நிமிஷம்."

டொக்டர் தயாபரன் தாள்களைக் கையில் எடுத்தார். திகதிகளைப் பார்த்தார். கதவைக் காட்டி, "வரச் சொல்லுங்கோ" என்றார்.

ரத்தினம்மா கதிரையின் நுனியில் உட்கார்ந்தாள். அவர் முதுகு நோவைப் பற்றிக் கேட்டார், அவள் சொன்னாள். மூச்சு வாங்குமா என்று கேட்டார். "மல ஏறுனா வாங்கத்தானே செய்யும் டாக்டரய்யா" என்றாள். அவர் எழுதிக்கொண்டே போனார். ஒன்றும் புதிதாக வரவில்லை. அனற் குறுக்கே பேசினாள்.

"அக்கா, பல்லு புடுங்கினேன்னு சொன்னீங்களே, எதுக்குப் புடுங்கினாங்க?"

டொக்டர் நிமிர்ந்தார். "திரும்பவும் பல்லோ?" என்று சிரித்தார்.

"வலிதாங்க மிஸ். இந்த எடம்." ரத்தினம்மா கீழ்த் தாடையின் இடப்பக்கத்தைத் தொட்டுக் காட்டினாள். "டிஸ்பென்சரியில சொத்தப்பல்லுன்னு சொல்லிப் புடுங்கிட்டாங்க."

"புடுங்கின பிறகு நோவு போச்சா?"

"அதாங்க அதிசயம். பல்லு போயிருச்சு, வலி போகல. கொழுந்து மூட்டையத் தூக்கிட்டு மேட்டுல ஏறுறப்ப புடிச்சு இழுக்கும். செத்த நேரம் நின்னா போயிரும். பல்லு வலின்னா நின்னா போகுமா? நானும் யார்கிட்டயும் சொல்லல, பல்லில்லாத எடத்துல வலிக்குதுன்னா சிரிப்பாங்க."

டொக்டர் தயாபரனின் பேனா நின்றது.

"இப்ப எத்தினை தரம் நிக்கிறியள் அம்மா, ஏறேக்க?"

"முந்தி ஒருவாட்டியும் நிக்க மாட்டேங்க. தீபாவளிக்கு முன்ன ஒருக்கா நின்னேன். இப்ப மூணு நாலு வாட்டி. கங்காணி கத்துறாரு."

நடக்கும்போது பிடித்து, நின்றால் விடுகிற நோவு எங்கேயிருந்து வருகிறது என்று அனற்றுக்கும் டொக்டருக்கும் தெரியும். நெஞ்சில் வரவேண்டிய இருதய நோவு ரத்தினம்மாவுக்குத் தாடையில் வந்திருக்கிறது. நெஞ்சு நோகுதா என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். அவள் இல்லையென்றுதான் சொன்னாள். அதில் ஒரு பொய்யும் இல்லை.

"அம்மா, நீங்கள் இண்டைக்கு வீட்ட போக வேண்டாம்" என்றார் டொக்டர். "நாளைக்கே படம் எடுப்பம்."

எடுத்தார்கள். இடப்பக்கப் பிரதான குழாய் அதன் வாயிலேயே எழுபது வீதம் அடைத்துக்கிடந்தது. மற்ற மூன்றிலும் அடைப்பு. படத்தைப் பார்த்த டொக்டர் தயாபரன் ஆய்வுகூடத்துக்கு அழைப்பெடுத்து, "மிஸ், வந்து பாருங்கோ" என்று மட்டும் சொன்னார். அனற் போய்த் திரையைப் பார்த்தாள். கறுப்புச் சாயம் ஓடிவந்து, ஓரிடத்தில் நூலாக மெலிந்து, பிறகு தயங்கித் தயங்கிப் போனது.

"மார்கழி வரைக்கும் தாங்கியிராது" என்றார் அவர்.

பெருமைப்படுவதா, பயப்படுவதா என்று அனற்றுக்குத் தெரியவில்லை. இந்த மனுஷி முந்தாநாள்வரை மூட்டையைத் தூக்கிக்கொண்டு மலையேறியிருக்கிறாளே என்ற நினைப்புத்தான் பெரிதாக நின்றது.

குழாயை விரித்து வளையம் வைக்கிற காரியம் சரிவராது, பைபாஸ்தான் வழி என்றார்கள். நெஞ்சைத் திறக்க வேண்டும் என்று கேட்டதும் ரத்தினம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். மகள் பேசியும் கேட்கவில்லை, நேர்ஸ் பேசியும் கேட்கவில்லை. பின்னேரம் அனற் வந்து கட்டிலருகே உட்கார்ந்தாள்.

"மறைக்காமச் சொல்றேன்னு சொன்னேன், அதான் வந்தேன் அக்கா. ஒப்பரேஷன் பெருசுதான். ஒரு மாசம் நெஞ்சு வலிக்கும், தும்மக்கூடப் பயமா இருக்கும். ஆனா செய்யாம விட்டா எந்த மேட்டுல விழுவீங்கன்னு யாருக்கும் தெரியாது."

ரத்தினம்மா திரும்பவில்லை. "நீங்க என் எடத்துல இருந்தா செஞ்சுக்குவீங்களா மிஸ்?" என்றாள்.

"நாளைக்கே செஞ்சுக்குவேன்."

அனற் அதை யோசித்துச் சொல்லவில்லை. உடனே சொன்னாள். ரத்தினம்மாவுக்கு அது போதுமாக இருந்தது போலும். "அப்ப கையெழுத்துக்கு மகளக் கூப்பிடுங்க" என்றாள்.

சித்திரை வருஷப்பிறப்பு கழிந்த இரண்டாம் கிழமை ஒப்பரேஷன் நடந்தது. ஐந்து மணித்தியாலம். மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்தாள், பத்தாம் நாள் வீட்டுக்குப் போனாள். நடுவில் இரண்டு நாள் காய்ச்சல் அடித்து எல்லோரையும் கலக்கியது உண்மை. அதுவும் தணிந்தது.

வைகாசியில் டொக்டர் தயாபரன் ஒரு கட்டுத் தாளோடு ஆய்வுகூடத்துக்கு வந்தார்.

"மிஸ், உங்கட கொப்பியை இப்பிடியே விடேலாது. முறைப்படி செய்வம். நான் அனுமதிக்கு எழுதிப்போட்டன். இருநூறு பேர், கிருமி இருக்கிற ஆக்களை முதலே விலத்திறது, ரெண்டு தரம் பாக்கிறது, பழைய ரிப்போர்ட் இருந்தால் அதையும் சேர்க்கிறது. உங்கட பெயர்தான் முதலாவது."

"என் பேரா? நான் டொக்டர் இல்லையே."

"எண்ணினது ஆர்?"

அனற் தாள்களை வாங்கிக்கொண்டாள்.

எட்டு மாதம் எடுத்தது. இருநூற்றுப் பன்னிரண்டு பேர். சுலபமாக ஒன்றும் நடக்கவில்லை. எண் நாலுக்குக் கீழே இருந்தும் இரண்டு குழாய் அடைத்திருந்தவர்கள் பதினாறு பேர் அகப்பட்டார்கள், அவர்களையும் ஒளிக்காமல் எழுதினாள். தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை, வைத்தியர்கள் நிறைந்த மண்டபத்தில், ஊதாச் சேலை கட்டிக்கொண்டு அந்த ஆய்வை வாசித்தாள். முன்வரிசையில் இருந்த ஒரு பெரிய வைத்தியர் எழுந்து ஆங்கிலத்தில் கேட்டார்: அப்படியானால் இனி அஞ்சியோகிராம் தேவையில்லை என்கிறீர்களா?

"இல்லை" என்றாள் அனற். "எங்கே அடைப்பு என்று இந்த எண் சொல்லாது. அடைப்பே இல்லை என்றும் சொல்லாது. வரிசையில் யாரைக் கூப்பிட்டு இன்னொரு தரம் கேள்வி கேட்க வேண்டும் என்று மட்டும் சொல்லும். நாட்டில் எந்த மூலையிலும் எடுக்கக்கூடிய பரிசோதனை இது. ஏற்கெனவே எடுத்து மக்கள் பையில் வைத்திருக்கிறார்கள். நாம் அதைப் பார்த்தால் போதும்."

அவர் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார். அடுத்த மாதத்திலிருந்து இருதயப் பிரிவின் காத்திருப்புப் பட்டியலில் அந்த எண்ணுக்கென்று ஒரு நிரல் புதிதாக ஏறியது. பக்கத்தில், கிருமி உண்டா இல்லையா என்று எழுத இன்னொரு சின்ன நிரல்.

ரத்தினம்மா கடைசியாக வந்தது மாசி மாதம், வழமையான பரிசோதனைக்கு. முகத்தில் சதை வைத்திருந்தது. கொழுந்து வேலையை விட்டுவிட்டாளாம். தோட்டத்தில் புள்ளக்காம்பராவில், வேலைக்குப் போகிற தாய்மாரின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை கொடுத்திருக்கிறார்களாம்.

"பதினேழு புள்ளைங்க மிஸ். ஒண்ணு தூங்குனா ஒண்ணு முழிக்குது. கொழுந்தே தேவலைன்னு இருக்கு" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே கையை நீட்டினாள்.

அனற் ரப்பர் பட்டியை இறுக்கி, நரம்பைத் தடவிப் பார்த்து, ஊசியை ஏற்றினாள்.